மூழ்கியவர் யார்?

“முதல் போட்டவனுக்குத்தானே நட்டம்? லாபமும் அவனுக்கே போகட்டும்.” ஆட்குறைப்புச் செய்தி வரும்போதெல்லாம் தேநீர்க் கடையிலும் இந்த வாதம்தான், படித்தவர் கூட்டத்திலும் இதுதான். மேலே இருப்பவர் ஆபத்தைச் சுமக்கிறாராம்; கீழே இருப்பவர் மாத முடிவில் சம்பளத்தை எண்ணி வாங்குகிறவராம். மன்னார்க் கரையில் நின்று இதைச் சொல்ல நிறையத் துணிச்சல் வேண்டும்.

1905இல் மன்னார்க் கரையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், 8 கோடிக்கு மேல் சிப்பி அள்ளினார்கள். அரசுக்குச் சேர்ந்தது சுமார் 25 இலட்சம் ரூபா. அந்த மயக்கம் தெளியுமுன்னே, மறு ஆண்டு, ஆளுநர் ஹென்றி பிளேக்கின் ஆட்சியில், முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்கள் ஓர் ஆங்கிலேயக் கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. 20 ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா. ஒரு பருவத்து வருமானமே எட்டு ஆண்டுக் குத்தகைக்குச் சமம் என்றால் கணக்கு யாருக்குத்தான் இனிக்காது?

மன்னார்ப் பார்கள் வருடக்கணக்கில் வெறுமையாய்க் கிடப்பவை. இது இரகசியமே இல்லை. 1891க்குப் பிறகு 1903 வரை சலாபமே நடக்கவில்லை. கடல் உயிரியலாளர் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்து ஆராயச் சொன்னதும் அந்த வறட்சியால்தான். தெரிந்தே ஆடிய சூதாட்டம். 1906, 1907 என்று இரண்டு பருவம் நடந்தது. பிறகு சிப்பி இல்லை. கம்பனியைக் கலைத்தார்கள். அடுத்த சலாபம் 1925இல்.

கல்லில் கால் வைத்துக் கடலடிக்கு இறங்கி, மூச்சடக்கி அள்ளிய குளியாளுக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். சிப்பியில் மூன்றில் ஒன்று. அதையும் தோணிக்காரருடனும் கயிறு பிடித்தவருடனும் பிரித்துக்கொள்ள வேண்டும். சிப்பி இல்லாவிட்டால் வெறுங்கை. கம்பனியில் பங்கு வாங்கிய துரைமாரும் பணத்தை இழந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் போட்ட தொகைக்கு மேல் ஒரு சதமும் அவர்களிடம் கேட்க முடியாதபடி சட்டம் காத்தது. கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குளியாட்களின் நுரையீரலுக்கு அப்படியோர் எல்லையை யாரும் எழுதி வைக்கவில்லை.

நூறாண்டு கழிந்தும் வாதம் அதே வாதம். மன்னிப்புக் கடிதம் மட்டும் புதிது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை வெளியேற்றியபோது, முழுப் பொறுப்பையும் ஏற்பதாக அதன் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சை எழுதினார். நம்மவர் என்று நாம் கொண்டாடும் அவருக்கு 2022க்கான ஊதியம், பெரும்பாலும் பங்குகளாக, சுமார் 22.6 கோடி டொலர். பொறுப்பை ஏற்றவர் நாற்காலியில் இருக்கிறார், வீட்டுக்குப் போனது மற்றவர்கள்.

இலங்கையில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே என்பார்கள். உண்டு. 1971இன் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேராவது வேலை செய்யும் நிறுவனத்தில், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்யாதவருக்கு அந்தக் காப்பு இல்லை. மன்னார்ப் பேசாலையில் நாட்கூலிக்கு வலையிலிருந்து மீன் கழற்றுகிறவரும், பருவத்துக்கு மட்டும் உப்பு வாருகிறவரும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. உள்ளே வருகிறவருக்கும் ஆணையாளர் நட்டஈட்டைத்தான் கணக்கிடுகிறார். நிறுவனத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்த முடிவை எடுத்தவர் எவ்வளவு எடுத்துச் சென்றார் என்பது அந்தக் கணக்கில் வராது.

ஆபத்து தங்களுடையதே என்பவர்கள் ஒரு சிறு திருத்தத்தை எதிர்க்க மாட்டார்கள் என்று நம்புவோம்: ஆட்குறைப்புக்கு அனுமதி கேட்கும் நிறுவனம், தன் இயக்குநர்கள் கடந்த மூன்று ஆண்டில் பெற்ற போனஸை முதலில் திருப்பிக் கட்டிவிட்டு, அந்தப் பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும்.