ரயில் ஓடாவிட்டாலும் பரவாயில்லை

மாடல் ரயில் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது, சின்ன வயதில் பொருட்காட்சியில் வாங்கிய பிளாஸ்டிக் ரயில்தான். இரண்டு நாள் வட்டமாகச் சுற்றும். மூன்றாம் நாள் ஒரு சக்கரம் கழன்றுவிடும். அப்புறம் பரண்.

அதனால்தான், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட இதற்கென்று வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, வருடக்கணக்கில் குட்டி வீடும் குட்டி மரமும் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னால், வகுப்பில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அவங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

நியாயமான கேள்விதான். கோபப்படாமல் பதில் சொல்லிப் பார்க்கிறேன் :-)

என் கட்சி இது. மாடல் ரயிலில் ரயில் ஓடுவது இரண்டாம்பட்சம். சுற்றிலும் செய்கிற கட்டடமும் நிலமும், தண்டவாளத்தில் நிற்கிற பழைய சரக்குப் பெட்டியும்தான் முதல். அவற்றைப் பார்த்து, அளந்து செய்கிறவர் விளையாடவில்லை. வேறு யாரும் எழுதிவைக்காத ஒன்றை எழுதிவைக்கிறார்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது புரியும். உலகத்தில் அதிகம் புழங்குகிற அளவுக்கு ஹெச்ஓ என்று பெயர். நிஜத்தில் 87 செ.மீ. இருப்பது இதில் 1 செ.மீ. ஆகிவிடும். பிரிட்டனில் ஓஓ என்ற சற்றே பெரிய அளவு. சுமார் 76-ல் ஒரு பங்கு. சரி, ஹெச்ஓவில் ஒரே ஒரு கிலோமீட்டர் பாதை போட எவ்வளவு இடம் வேண்டும்? பதினொன்றரை மீட்டர். யார் வீட்டில் இருக்கிறது? வளைவு இன்னும் மோசம். ஹெச்ஓவில் பரவலாக விற்கிற வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 18 அங்குலம், அதாவது சுமார் 46 செ.மீ. இதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 40 மீட்டர் வரும். நிஜத்தில் மெயின் லைன் வளைவுகளின் ஆரம் நூற்றுக்கணக்கான மீட்டர். ஆக, ரயில் ஓடியே தீரவேண்டும் என்று ஆசைப்பட்ட நிமிடத்திலேயே பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறோம். தூரம் பொய், வளைவு பொய், நாலே பெட்டியோடு ஓடுகிற எக்ஸ்பிரஸும் பொய்.

ஆனால் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மீட்டர் நீளமுள்ள வீடு ஓஓவில் சுமார் 12 செ.மீ.தான். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். எதையும் சுருக்க வேண்டாம், எதையும் விட வேண்டாம். ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல், விரிசல் இருந்த இடத்தில் விரிசல். முழு உண்மையையும் சொல்ல அங்கே இடமிருக்கிறது.

இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர், லண்டனில் வாழ்ந்த ஜான் ஆஹெர்ன். பலகையில் தண்டவாளத்தைப் பதித்து இன்ஜின் ஓட்டுவதே பெரும்பாலும் மாடல் ரயிலாக இருந்த 1930களில், அவர் மேடர் வேலி என்று ஒரு கற்பனைப் பள்ளத்தாக்கையே செய்ய ஆரம்பித்தார். தெரு, கடை, மலைச்சரிவு எல்லாம் இருக்கும். அதன் நடுவே ரயில் போகும். ரயிலுக்காக ஊர் இல்லை, ஊருக்காக ரயில். கட்டடத்துக்கு ஒன்று, நிலக்காட்சிக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று என்று மூன்று செய்முறைப் புத்தகங்களும் எழுதினார். ஆஹெர்ன் 1961-ல் இறந்துபோனார். அவருடைய மேடர் வேலி இன்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்திலுள்ள பென்டன் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்த மியூசியத்தின் கதைதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. அதை ஆரம்பித்தவர் பெயர் ராய் இங்லண்ட். பெயர்தான் அப்படி, ஆள் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்! 1925-ல் இங்கிலாந்துக்கு வந்தார். அவருக்கும் முதல் காதல் ரயில்தான். ஆனால் வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கு என்ற பகுதியின் கிராமங்களில் சுற்றும்போது ஒன்று அவர் கண்ணில் பட்டது. வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டோ, அடையாளம் தெரியாமல் மாறிக்கொண்டோ இருந்தன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரண்மனையா, கோட்டையா? கூலிக்காரன் வீடுதானே!

தன்னால் அந்த வீடுகளை நிறுத்திவைக்க முடியாது, ஆனால் அளந்து, படமெடுத்து, 76-ல் ஒரு பங்காகச் செய்துவைக்க முடியும் என்று அவர் முடிவு செய்தார். 1954-ல் மியூசியம் பிறந்தது. அங்கே காட்டப்படுவது 1920களும் 30களும். பென்டன் பார்வா என்ற கிராமம் கற்பனைதான், ஆனால் அதிலுள்ள வீடுகள் அந்த வட்டாரத்தில் உண்மையிலேயே இருந்தவை. சுவர் அட்டைதான். செங்கல்லையும் கல்லையும் ஒவ்வொன்றாகக் கீறி, வாட்டர்கலரில் தனித்தனியாக வண்ணம் கொடுக்கிறார்கள். தன்னார்வலர் ஒருவருக்கு ஒரே வீடு நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். ராய் இங்லண்ட் 1995-ல் காலமானார். வேலை இன்னும் நடக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இது பொம்மையா?

"அப்போ கற்பனையாகச் செய்பவர்கள் எல்லாம் சும்மாவா?" என்று கேட்கலாம். இல்லை. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் என்று ஒரு போட்டோகிராபர் இருந்தார். அவர் கட்டிய ரயில்வேயின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று வரும். 'ரத்தக்களறியும் தோல்வியும்' என்று அர்த்தம். ரயில்வே கம்பெனிக்கு வைக்கிற பெயரா அது! தரையிலிருந்து கூரை வரை மலைகள். இடம் பெரிதாகத் தெரியக் கண்ணாடிகள். முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் உலகத்தை அப்படியே பார்த்தார்: அழுக்கு. எல்லோரும் பளபளவென்று வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், பெட்டிக்குத் துருவும் புகைக்கரியும் வெயிலில் வெளுத்த சாயமும் கொடுத்துக் காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

அழுக்கு என்றால் கண்டபடி பூசுவது இல்லை. அதற்கும் காரணம் உண்டு. பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத்தூள் வண்டியின் கீழ்ப்பகுதியில் பழுப்பாகப் படியும். புகைக்கரி கூரையில் படியும். மழைநீர் வழிந்த தடம் மேலிருந்து கீழாகத்தான் இருக்கும். சாக்பீஸ் போன்ற பேஸ்டல் குச்சியைத் தூளாக்கிப் பிரஷ்ஷால் தடவினாலே இத்தனையும் கொண்டுவரலாம். ஆனால் நிஜ வண்டியை நின்று பார்க்காதவர் தடவினால் அது அழுக்காகத் தெரியாது, கறையாகத்தான் தெரியும்.

ஆலன் 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே அந்த வீட்டில் தீப்பிடித்து, அவருடைய ரயில்வேயில் பெரும்பகுதி எரிந்துபோனது. கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அவர் சொல்லிக்கொடுத்த பார்வை எரியவில்லை. இன்று துரு பூசுகிற எல்லோரிடமும் அது கொஞ்சம் இருக்கிறது.

சரக்குப் பெட்டிக்கு வருகிறேன். பெட்டி செய்வதில் ஓடுவதற்கான கணக்கு ஒன்று உண்டு. எடை குறைந்தால் தடம் புரளும். அதனால் அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் (1935-ல் தொடங்கியது) ஹெச்ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் எடை இருக்கட்டும் என்கிறது. 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். அட்டைப் பெட்டிக்குள் நாலு நட்டு போல்ட்டை ஒட்டினால் முடிந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது பெட்டியின் மேலே இருக்கும் எழுத்து. பிரிட்டனில் ரயில்வே 1948-ல் அரசுடைமை ஆவதற்கு முன்பு, நிலக்கரிச் சுரங்கங்களும் சின்னச் சின்ன நிலக்கரி வியாபாரிகளும்கூடச் சொந்தமாகச் சரக்குப் பெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் முதலாளி பெயர், ஊர் பெயர், தனி வண்ணம். நம் ஊர் லாரியில் எழுதுகிற மாதிரி. அந்தக் கடைகள் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் வண்ணம் தெரியாது. அந்தப் பெட்டி சிவப்பா, சாம்பலா என்று இன்று மெனக்கெட்டுத் தேடுகிறவர் யார்? அதை மாடலாகச் செய்ய உட்கார்ந்தவர்தான். வண்ணம் தெரியாமல் அவரால் பிரஷ்ஷை எடுக்கவே முடியாதே!

இங்கேதான் என் முக்கியமான வாதம் வருகிறது. "போட்டோ இருக்கு, வீடியோ இருக்கு, எதுக்கு மாடல்?" என்பார்கள். போட்டோ உங்களைச் சும்மா இருக்க விடும். ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும், திருப்தியாகிவிடும். மாடல் அப்படி விடாது. முன்சுவரை வெட்டி முடித்ததும், பின்சுவரில் என்ன இருந்தது என்று கேட்கும். மழைநீர்க் குழாய் எந்த மூலையில் இறங்கியது? கக்கூஸ் எங்கே இருந்தது? கதவு உள்பக்கம் திறந்ததா, வெளிப்பக்கமா? எதையும் மழுப்ப முடியாது. நாலு பக்கமும் சுவர் இல்லாவிட்டால் வீடு நிற்காது.

"இப்போதுதான் த்ரீடி பிரிண்டர் வந்துவிட்டதே" என்பதும் உண்டு. தாராளமாகப் பயன்படுத்துங்கள். கையால் வெட்டினால்தான் புனிதம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் பிரிண்டருக்குக் கொடுக்க வரைபடம் வேண்டும். வரைபடத்துக்கு அளவு வேண்டும். அந்த அளவை யாராவது ஒருத்தர் நேரில் போய் எடுத்திருக்க வேண்டும். கடையில் விற்கும் பெட்டி செட்டும் அப்படித்தான். கை பழக நல்லது. ஆனால் ஒரே ஸ்டேஷன் ஆயிரம் வீட்டில் இருக்கும், உங்கள் ஊர் ஸ்டேஷன் ஒரு வீட்டிலும் இருக்காது.

எதிர்க்கட்சி சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சின்னதாக்கினால் எல்லாமே அழகாகிவிடும். அந்த வைக்கோல் கூரைக்குக் கீழே ஈரமும் குளிரும் வறுமையும் இருந்தன. மாடலைப் பார்த்து "ஆஹா, அந்தக் காலம்!" என்று பெருமூச்சு விட்டால் அது ஏமாற்று. இதற்கு மருந்தும் அளவுதான் என்று நினைக்கிறேன். ஓதம் ஏறிய சுவரை ஓதத்தோடு செய்யுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை என்றால் ஒரே அறையாகவே செய்யுங்கள். கூட்டிக் குறைக்காமல் செய்த மாடல் பொய் சொல்லாது.

இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன் என்றால், நான் ஒன்றைச் செய்யப்போய் மாட்டிக்கொண்டேன். 1992-ல் ஒரே கேஜ் திட்டம் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாயின. இன்று மலை ரயில் ஒன்றுதான் மிச்சம். பாதை மாறியதை நான் குறை சொல்லவில்லை, ஊருக்கு அது நல்லதுதான். ஆனால் அதோடு பாட்டி ஊர் ஸ்டேஷனின் பழைய கட்டடமும் போய்விட்டது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு போட்டோ. மாமா பிளாட்பாரத்தில் நிற்கிறார், பின்னால் பாதிக் கட்டடம்.

அந்தப் பாதியைச் செய்துவிட்டேன். அளவுக்கு ஒரு வழி கிடைத்தது. போட்டோவின் ஓரத்தில் தண்டவாளம் தெரிந்தது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக 1000 மி.மீ. அதை வைத்து பிளாட்பாரத்தின் உயரம், அதிலிருந்து மாமாவின் உயரம், அவரை வைத்துக் கதவு, கதவை வைத்துச் சுவர் என்று தோராயமாக வந்தேன். ஹெச்ஓவில் மீட்டர் கேஜுக்கு பதினொன்றரை மி.மீ. வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள், அதுகூடப் போதும். முன்பக்கம் நன்றாகவே வந்தது.

பின்பக்கம்? பாட்டியிடம் கேட்டேன். "வேப்பமரம் இருந்துச்சுடா, பக்கத்துல தண்ணித்தொட்டி" என்றார். தாத்தா அதை மறுத்தார். தொட்டி இடதுபக்கம், பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர் குவார்ட்டர்ஸுக்குப் போகிற வழி என்றார். இருவரும் அரை மணி நேரம் வாதாடினார்கள். முடிவு வரவில்லை. நாற்பது வருடம் அந்த வழியாகப் போய் வந்தவர்கள்! தப்பு அவர்கள்மேல் இல்லை. யாரும் யாரையும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என் மேஜைமேல் அந்த ஸ்டேஷன் மூன்று சுவரோடு நிற்கிறது. நாலாவது சுவரைக் கற்பனையாக ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. இதுவரை ஒட்ட மனசு வரவில்லை.

ஆகவே நண்பர்களே, மாடல் செய்யுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. உங்கள் ஊரில் பழைய கட்டடம் ஏதாவது இன்னும் நின்றால், ஸ்டேஷனோ, போஸ்ட் ஆபீஸோ, ரைஸ் மில்லோ, அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு ஒரு டேப்போடு போய் வாருங்கள். ஒரு செங்கல் வரிசையின் உயரத்தை மட்டும் அளந்தால்கூடப் போதும், மீதியைப் போட்டோவில் வரிசையை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். (தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள்.) நாலு பக்கமும் படம் எடுங்கள். முக்கியமாகப் பின்பக்கம். அதைத்தான் யாரும் எடுப்பதில்லை.