‘இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?’ – ஆபீஸ் பார்க்காத அந்தக் காலை 2 மணி நேரம்

காலை 5.30. போனில் அலாரம் அடிக்கிறது. கட்டை விரலால் ஒரு ஸ்வைப் செய்தால் நின்றுவிடும். ஆனால் விரல் மடங்க மறுக்கிறது. புறங்கையால் போனைத் தள்ளித் தள்ளி ஒருவழியாக நிறுத்தியாகிவிட்டது. பேஸ்ட் மூடியைக் காலையில் திருக முடியாது என்பதால், முந்தின நாள் ராத்திரியே திறந்து வைத்தாகிவிட்டது. பிரஷ்ஷை விரலால் பிடிக்காமல், குழந்தை கரண்டியைப் பிடிப்பதுபோல முழுக் கையால் பிடிக்க வேண்டும். வெந்நீர் பக்கெட்டுக்குள் 10 நிமிடம் இரண்டு கையையும் விட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் இளகுகிறது. சட்டை பட்டன் மட்டும் இன்னும் அடம்பிடிக்கிறது.

எட்டு மணிவாக்கில் விரல்கள் வழிக்கு வருகின்றன. 10 மணிக்கு ஆபீஸில் கீபோர்டு தட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து கேள்வி வருகிறது: “காலைல கை வலின்னு மெசேஜ் போட்டீங்க, இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?”

‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ எனப்படும் முடக்குவாதம், முதுகுத்தண்டைப் பிடிக்கும் ‘ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’, சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு வரும் மூட்டு அழற்சி - இந்த மூன்றில் எது இருந்தாலும், நோய் கட்டுக்குள் வராதவரை காலை கிட்டத்தட்ட இப்படித்தான் விடிகிறது. வலி உச்சத்தில் இருக்கும் நேரத்தில் பார்க்க ஆளில்லை. ஆட்கள் பார்க்கும் நேரத்தில் வலி இறங்கியிருக்கிறது. டாக்டரிடம் போவது தள்ளிப்போவதற்கும், ஆபீஸில் சந்தேகப் பார்வை விழுவதற்கும் இந்த நேரக் குழப்பம் முக்கியக் காரணம். சட்டத்தில் இருக்கும் ஓட்டைக்கும் இதே கண் பழக்கம்தான் காரணம்.

தேய்மானம் வேறு, அழற்சி வேறு

‘மூட்டு வலி’ என்றதும் நினைவுக்கு வருவது பாட்டியின் முழங்கால். அது பெரும்பாலும் தேய்மானம். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் விலகிவிடும்.

அழற்சி இதற்கு நேரெதிர். ஓய்வெடுத்தால் விறைக்கும், அசைந்தால் இளகும். விறைப்பு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நீளும். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடலின் எதிர்ப்பு சக்தி, வழி தவறி மூட்டின் உள் சவ்வையே தாக்குவதுதான் முடக்குவாதம். ஸ்பாண்டிலைட்டிஸில் தாக்குதல் முதுகெலும்பிலும், அது இடுப்போடு சேரும் மூட்டுகளிலும் தொடங்குகிறது. இதற்கு வயதாக வேண்டிய அவசியமில்லை. ஸ்பாண்டிலைட்டிஸ் பெரும்பாலும் 20களிலேயே தலைகாட்டிவிடும். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம். அதுவும் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஓடிக்கொண்டிருக்கும் வயதில் வருவது சகஜம்.

சரி, ஏன் காலையில் மட்டும் இவ்வளவு மோசம்? உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ‘இன்டர்லூகின்-6’ போன்ற அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் பின்னிரவில் ஏறி, விடியற்காலையில் உச்சத்தைத் தொடுகின்றன. அதை அடக்க உடலே சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனும் விடியலில்தான் ஏறும். ஆனால் இந்த நோயாளிகளுக்கு அந்தச் சுரப்பு, எரியும் நெருப்பின் அளவுக்குப் போதுவதில்லை. கூடவே, ராத்திரி அசையாமல் கிடந்த மூட்டுகளில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆக, 6 மணிக்கு மடங்காத விரல் 10 மணிக்கு டைப் அடிப்பது நடிப்பு இல்லை. அந்த நோயின் அடையாளமே அதுதான்.

‘வாயுப் பிடிப்பு’ என்று கழியும் மாதங்கள்

நம்ம ஊரில் இப்படிப்பட்ட வலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் ‘வாயு’. இஞ்சிச் சாறு, பூண்டு, தைலம் என்று கொஞ்ச நாள். முடக்கத்தான் தோசை இன்னும் கொஞ்ச நாள். அந்தக் கீரையின் பெயரிலேயே முடக்கு இருப்பதால் நம்பிக்கையும் அதிகம். தோசை சாப்பிடுவதில் தப்பே இல்லை. தோசையை நம்பி ஆறு மாதம் டாக்டரைப் பார்க்காமல் இருப்பதில்தான் தப்பு.

அடுத்த கட்டம், லேப். பலர் தாங்களாகவே போய் முதலில் எடுப்பது யூரிக் ஆசிட் டெஸ்ட். அதில் சற்றே கூடுதலாக எண் வந்துவிட்டால், பருப்பையும் கறியையும் நிறுத்திவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்து ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’. அது நெகட்டிவ் என்றால் நிம்மதி. ஆனால் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் இருக்கலாம். அதனால்தான் ‘ஆன்ட்டி சி.சி.பி.’, ‘சி.ஆர்.பி.’, ‘ஈ.எஸ்.ஆர்.’ எல்லாவற்றையும் சேர்த்து, கூடவே கையையும் அழுத்திப் பார்த்து டாக்டர்கள் முடிவுக்கு வருகிறார்கள். எக்ஸ்ரேயும் ஆரம்பத்தில் கைகொடுக்காது. ஸ்பாண்டிலைட்டிஸில் இடுப்பு மூட்டின் அழற்சி எக்ஸ்ரேயில் தெரியப் பல வருடங்கள்கூட ஆகலாம், எம்.ஆர்.ஐ.யில் முன்னதாகவே தெரிந்துவிடும்.

இதற்கு நடுவில் கிடைக்கும் அறிவுரை, “நல்லா ரெஸ்ட் எடுங்க, சேர்ல நிமிர்ந்து உட்காருங்க.” ஐடி வேலை, நாற்காலி, பைக் என்று முதுகுவலிக்குக் காரணம் சொல்ல ஆயிரம் இருக்கிறது. ஆனால் 40 வயதுக்குள் மெதுவாகத் தொடங்கி, 3 மாதத்துக்கும் மேல் நீடித்து, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, எழுந்து நடந்தால் குறையும் முதுகுவலி, நாற்காலியால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே மோசமாகும் வலி இது.

பார்க்க வேண்டிய டாக்டர் ‘ருமட்டாலஜிஸ்ட்’. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. தனியார் கிளினிக் என்றால் அப்பாயின்ட்மென்ட் பெரும்பாலும் சாயங்காலம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் வீக்கம் வடிந்திருக்கலாம். காலை 6 மணிக்கு வீங்கிய விரல்களை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும், எழுந்த நேரத்தையும் கை முழுசாக மடங்கிய நேரத்தையும் ஒரு வாரத்துக்குக் குறித்துக்கொண்டு போவதும் டாக்டருக்கு உண்மையிலேயே உதவும்.

மெட்ராஸில் படித்தவரின் மருந்து

முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்க முதலில் எழுதித் தரப்படும் மருந்து ‘மெத்தோட்ரெக்ஸேட்’. இதன் பின்னால் நமக்கு நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகடா சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று கதர் உடுத்தியதால், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போய், லெடர்லி ஆய்வகத்தில் அவர் நடத்திய ஆராய்ச்சியில் பிறந்தவைதான் ‘அமினோப்டெரின்’ என்ற மருந்தும், அதன் தம்பி மாதிரியான மெத்தோட்ரெக்ஸேட்டும். 1940களின் கடைசியில் அமினோப்டெரின் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்பட்டது. 1951இல் முடக்குவாதத்துக்கும் அது கேட்கிறது என்று தெரியவந்தது. ஆனாலும் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொடுக்க அமெரிக்க அரசு முறைப்படி அனுமதித்தது 1988இல்தான். சுப்பாராவ் 1948இலேயே காலமாகிவிட்டார்.

‘கேன்சர் மாத்திரை’ என்று கூகுளில் பார்த்துப் பயந்து இதை நிறுத்துபவர்கள் நிறைய பேர். புற்றுநோய்க்கான அளவு வேறு. மூட்டுக்குக் கொடுப்பது பொதுவாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் என்பதை எவ்வளவு முறை சொன்னாலும் தகும். தினமும் போடுகிற மாத்திரை என்று தவறாக நினைத்துப் போட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி உலகில் பல இடங்களில் நடந்தும் இருக்கிறது. ‘ஞாயிற்றுக்கிழமை மாத்திரை’ என்று பெயரே வைத்துவிடுவது நல்லது. ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ரத்தம், கல்லீரல் டெஸ்ட் என்று கூடவே சில வேலைகள் உண்டு. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அந்தக் காத்திருப்பில்தான் பலர், மூன்றே நாளில் வலியைப் போக்கும் பெயர் தெரியாத பொடி பக்கம் போகிறார்கள். அப்படி மின்னல் வேகத்தில் கேட்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

மாத்திரைக்கு அடங்காவிட்டால் ‘பயாலஜிக்ஸ்’ ஊசிகள் இருக்கின்றன. போடும் முன் உடலில் டி.பி. கிருமி பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். விலையும் அதிகம். அட்மிட் ஆனால்தான் பணம் தரும் வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசிகளில், மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் டெஸ்ட்டுக்கும் பெரும்பாலும் கையிலிருந்துதான் போகிறது.

“கல்யாணம் ஆகுற வரைக்கும் சொல்லாதே”

இளம் பெண்களுக்கு நோய் உறுதியானதும் வீட்டில் எழும் முதல் பயம் வரனைப் பற்றியது. “யார்கிட்டயும் மூச்சு விடாதே” என்பதுதான் முதல் உத்தரவு. மாத்திரை அட்டை ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்புக்குள் போகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கிறது. புகுந்த வீட்டில் காலை 6 மணிக்குத் தோசைக்கல்லைத் தூக்க முடியாத மருமகள் ‘சோம்பேறி’ ஆகிறாள். குக்கர் மூடியைத் திறக்கக் கூப்பிட்டால், “இதைக்கூடவா?” என்கிறார்கள்.

மனக்கஷ்டம் ஒருபக்கம். இன்னொரு பக்கம் நேரடியான ஆபத்து இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் கர்ப்பத்தில் இருக்கவே கூடாத மருந்து, கருவைப் பாதிக்கும். கர்ப்பமாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசி நிறுத்திவிட்டு, கர்ப்ப காலத்துக்கு ஏற்ற வேறு மருந்துக்கு மாற வேண்டும். அப்படிப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. இந்த நோயோடு ஆரோக்கியமாகக் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். ஆனால் கணவருக்கே தெரியாமல் மாத்திரை போடும் பெண், கர்ப்பத்தை எப்படித் திட்டமிடுவார்? மாமியார் கண்ணில் படக்கூடாது என்று மருந்தை ஒரேயடியாக நிறுத்துகிறவர்களுக்கு நோய் மீண்டும் கிளம்புகிறது. கர்ப்ப காலத்தில் முடக்குவாதம் பலருக்குத் தானாகவே தணிந்து, பிரசவத்துக்குப் பிறகு வேகமாகத் திரும்பும். அந்த நேரத்தில் கைக்குழந்தையைத் தூக்க வீட்டில் இன்னொரு கை வேண்டும். ரகசியமாக வைத்த நோய்க்கு அந்தக் கையைக் கேட்க முடியாது. பெண் வீட்டார் காட்டும் இந்தப் ‘பாதுகாப்பு’, பாதுகாப்பே இல்லை.

விரல் வளைந்தால்தான் சான்றிதழா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன்ஸ் இருக்கிறது, ஹீமோஃபீலியா இருக்கிறது. முடக்குவாதமோ ஸ்பாண்டிலைட்டிஸோ பெயர் சொல்லி இல்லை. ‘இயக்கக் குறைபாடு’ என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று அளந்து, நிரந்தரப் பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடஒதுக்கீடு போன்ற முக்கியச் சலுகைகள் கிடைக்கும்.

இங்கேதான் முரண். சரியான நேரத்தில் மருந்து எடுத்து, விரல் வளையாமல் காப்பாற்றிக்கொண்டவருக்கு அளக்க எதுவும் இருக்காது. அவருடைய காலை 2 மணி நேரமும், நோய் திடீரெனக் கிளம்பும் நாட்களும், சாயங்காலம் 4 மணிக்கே உடலை அழுத்தும் அசதியும் அந்த அளவுகோலில் ஏறுவதே இல்லை. மருத்துவம் ‘வளைய விடாதீர்கள்’ என்கிறது. சான்றிதழ் முறை வளையும்வரை காத்திருக்கிறது. ஏறி இறங்கும் நோய்களை அளக்க வேறு முறை வேண்டும். ஒரே ஒரு மதிய நேரப் பரிசோதனையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

சட்டம் மாறும்வரை ஆபீஸ்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த நோயாளிகள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. காலை ஷிஃப்ட்டுக்குப் பதில் 11 மணி ஷிஃப்ட். நோய் கிளம்பும் நாளில் வீட்டிலிருந்து வேலை. நீளமான மீட்டிங்கில் நடுவே எழுந்து நிற்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாத மேனேஜர். விரல் ஒத்துழைக்காத நாளில் டைப் அடிப்பதற்குப் பதில் குரல் வழி டைப்பிங். கொரோனா காலத்தில் ஒரே வாரத்தில் மொத்த ஆபீஸையும் வீட்டுக்கு மாற்றத் தெரிந்த நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாத வித்தை இல்லை. ஒருவரின் லாகின் நேரத்தை 9லிருந்து 11 ஆக்க ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் போதும். அதற்கு மெடிக்கல் போர்டு எதுவும் கூட வேண்டியதில்லை.