ஓசையில்லா மொழிக்கும் திரையில் இடம் தருவோம்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின், பள்ளிக் கூட்டங்கள் பல கூகல் மீட்டுக்கும் ஸூமுக்கும் மாறின. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெற்றோருக்கு அலைச்சல் மிச்சமாயிற்று. காது கேளாத பெற்றோருக்கு அவை பயன்பட்டனவா என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா?

இணையச் சந்திப்பில் குரல் எழுப்புபவரின் படமே முன்னுக்கு வருகிறது. கையால் பேசுபவர் மூலையிலேயே இருந்துவிடுகிறார். சைகைமொழியில் முகபாவமும் இலக்கணமே. மலைச்சரிவில் இணைய வேகம் குறைந்து படம் உறைந்தால், நமக்குக் குரலாவது கேட்கும். அவர்களுக்கோ வாக்கியமே அறுந்துவிடும்.

2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகைமொழியைக் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்றுள்ளது. சட்டம் ஏற்றதை நம் கூட்டங்கள் ஏற்க வேண்டாமா?

சைகைமொழிபெயர்ப்பாளருக்கான செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்கலாம். அவருடைய படத்தைத் திரையில் நிலைநிறுத்த வேண்டும். மற்றவற்றுக்குச் செலவே இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் பேசுவோம். முகத்தில் வெளிச்சம் விழுமாறு அமர்வோம். குறிப்புகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புவோம். படவில்லையைக் காட்டினால், அதைப் படித்து முடிக்கும்வரை பேச்சை நிறுத்துவோம். ஒரே நேரத்தில் எழுத்தையும் சைகையையும் பார்க்க எவராலும் இயலாது.

“எங்கள் பள்ளியில் அப்படி யாருமில்லையே” எனச் சிலர் கூறலாம். கூட்டத்தில் எதுவும் புரியாதவர் மறுமுறை வரமாட்டார். வராதவர் நம் கணக்கிலும் வருவதில்லை. சிந்திப்போம், ஆசிரியர்களே, பெற்றோர்களே!