கட்சி அரசியலும் மூத்தோரின் முரண்பாடும்

கிழக்கின் கரையோர முஸ்லிம் ஊர்களில் அரசியல் பேசாத வீடில்லை. அக்கரைப்பற்றிலும் அட்டாளைச்சேனையிலும் நிந்தவூரிலும் கல்முனையிலும் அந்தப் பேச்சை நடத்துவோருள் முதன்மையானவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தோரும் வட்டவிதானைமாரும் போடிமாருமே ஆவர். மார்க்கப்பற்றும் மரபுப்பற்றும் மிக்க இம்மூத்தோரிடையே அண்மைக் காலமாக ஒரு கருத்து வேறுபாடு முற்றி வருகின்றது. எமது கட்சி அரசியல் தடம் மாறிவிட்டதா, அன்றி அது என்றுமே இப்படித்தான் இருந்ததா என்பதே அவர்களைப் பிரித்து நிற்கும் வினா.

இவ்வினா எமக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் குடியரசுக் கட்சியிலும் பழைமை பேணும் முதியோர் இதே வழக்கையே நடத்துகின்றனர். 1981 இல் பதவியேற்ற ரொனால்ட் ரேகனின் கட்சி தடையற்ற வர்த்தகத்தையும் நிதிக் கட்டுப்பாட்டையும் பேசியது என்றும், டொனால்ட் ட்ரம்ப்பின் கட்சி இறக்குமதித் தீர்வையையும் ஒருவர் மீதான விசுவாசத்தையும் கொள்கையாக்கிவிட்டது என்றும் ஒரு சாரார் வருந்துகின்றனர். 2012 இல் அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற மிட் ரொம்னி பின்னாளில் ஒதுங்கிக் கொண்டதையும், லிஸ் செனி 2022 இல் தமது மாநிலக் கட்சி வாக்காளராலேயே தோற்கடிக்கப்பட்டதையும் அவர்கள் சான்று காட்டுவர். மற்றையோரோ, 1992 இல் பெட் புகானன் எழுப்பிய குரலே இன்று அறுவடையாகியிருக்கின்றது, புதிதாக எதுவும் முளைக்கவில்லை என்பர். 2020 மாநாட்டில் அக்கட்சி புதிய கொள்கைப் பிரகடனமொன்றை வெளியிடாமலே தேர்தலுக்குச் சென்றது என்பது இரு சாராரும் மறுக்க இயலாத உண்மை.

எமது மூத்தோரில் முதலாம் சாராரின் வாதம் உணர்வு மிக்கது, ஆதாரமற்றதும் அன்று. 1981 இல் காத்தான்குடியில் தோற்றம் பெற்று, 1986 இல் அரசியல் கட்சியான ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், 1988 இல் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலிலே 17 ஆசனங்களைப் பெற்றது. பாராளுமன்றம் செல்வதற்கான வெட்டுப்புள்ளி நூற்றுக்குப் பன்னிரண்டரையிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டதில் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் பேரம் பேசும் ஆற்றலுக்குப் பெரும் பங்குண்டு. அதனால் பயனடைந்தது முஸ்லிம் சமூகம் மாத்திரமன்று. நாட்டின் சிறிய கட்சிகள் அனைத்துமாகும். 1994 இல் ஏழு ஆசனங்களை வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கத்தையே தாங்கிப் பிடித்த அக்கட்சி, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் பெற்றுத் தந்தது. 2000 செப்டெம்பர் 16 ஆம் திகதி அரநாயக்கவில் வீழ்ந்த ஹெலிகொப்டருடன் அந்தக் காலம் முடிவுற்றது என்பதே இவர்களது முடிபு.

இரண்டாம் சாரார் இதனை ஏற்கத் தயாரில்லை. கட்சி தாவுதல் நேற்றுத் தோன்றிய நோயன்று என்று அவர்கள் நினைவூட்டுகின்றனர். 1956 இல் தமிழரசுக் கட்சியின் பெயரால் கல்முனையில் வென்ற எம்.எஸ். காரியப்பரும், பொத்துவில் தொகுதியில் வென்ற எம்.எம். முஸ்தபாவும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சென்றவர்களே. அஷ்ரபும் 1988 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரை ஆதரித்தார். ஆறாண்டுகளின் பின் அதன் எதிரணியோடு ஆட்சியமைத்தார். இறுதிக் காலத்தில் தனித்துவம் என்ற முழக்கத்துக்கு அப்பால் தேசிய ஐக்கிய முன்னணியையும் தோற்றுவித்தார். சிறுபான்மைக் கட்சி ஆளும் தரப்போடு பேரம் பேசாமல் வேறு எதைச் செய்யும் என்று கேட்கின்றனர் இவர்கள்.

இரு வாதங்களிலும் உண்மை இருக்கின்றது. ஆயினும் இரு சாராரும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். பேரம் பேசுவதா இல்லையா என்பது பிரச்சினையன்று. யாருக்காக, எதன் பொருட்டு, எவருடைய அனுமதியோடு அது பேசப்படுகின்றது என்பதே பிரச்சினை. வெட்டுப்புள்ளி குறைந்தமையும் பல்கலைக்கழகம் எழுந்தமையும் சமூகத்தின் கையில் எஞ்சிய பெறுபேறுகள். அவற்றைத் தந்த அரசாங்கங்கள் மறைந்துவிட்டன, பெறுபேறுகள் மறையவில்லை. இந்த அளவுகோலைக் கையிலெடுத்தே பிற்கால வரலாற்றை நாம் அளக்க வேண்டும்.

அஷ்ரபின் மறைவின் பின்னர் கட்சி கிளைகளாகப் பிரிந்தது. பேரியல் அஷ்ரப் தேசிய ஐக்கிய முன்னணியோடு தனிவழி சென்றார். அக்கரைப்பற்றின் ஏ.எல்.எம். அதாவுல்லா தேசிய காங்கிரஸை அமைத்தார். ரிஷாட் பதியுதீன் மக்கள் காங்கிரஸின் தலைவரானார். மரம், குதிரை, மயில் எனச் சின்னங்கள் பெருகின. 2010 இறுதி முதல் 2014 இறுதி வரை ரவூப் ஹக்கீம், அதாவுல்லா, ரிஷாட் ஆகிய மூவரும் ஒரே அமைச்சரவையில் வீற்றிருந்தனர். எமது சமூகத்துக்கு ஒரே நேரத்தில் இத்தனை அதிகாரம் வாய்த்த காலம் அரிது. அந்தக் காலத்திலேதான் 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது. அக்காலத்திலேதான், சுனாமியால் வீடிழந்தோருக்காக நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் எழுந்த 500 வீடுகள், நீதிமன்றத் தீர்ப்பினால் ஏற்பட்ட முடக்கத்தை நீக்குவாரின்றிப் புதர் மண்டிக் கிடந்தன. 2013 இல் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூட, அயற்கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோப்பை இழந்தவனுக்கும் கரைவலை இழுக்க இடமில்லாது போனவனுக்கும் மூன்று அமைச்சர்கள் இருந்தும் தீர்வு கிடைக்கவில்லை.

இதைவிடக் கசப்பானது பாராளுமன்ற வாக்களிப்பின் வரலாறு. 2010 இல் எதிரணியில் நின்று வென்ற முஸ்லிம் காங்கிரஸ், அதே ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதியின் பதவிக்கால வரையறையை நீக்கிய 18 ஆவது திருத்தத்துக்குக் கைதூக்கியது. 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் வந்தபோது, கட்சித் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, ஏனைய உறுப்பினர் நால்வரும் ஆதரித்து வாக்களித்தனர். கொவிட் தொற்றில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் குடும்பத்தாரின் கண்ணீரையும் மீறி எரிக்கப்பட்டுக் கொண்டிருந்த நாட்கள் அவை. நல்லடக்கத்துக்கான அனுமதி 2021 பெப்ரவரி இறுதியிலேயே வந்தது. தலைவர் ஒரு பக்கமும் கட்சி மறு பக்கமுமாக நின்ற அந்த வாக்களிப்பு எவருடைய தீர்மானம் என்பதற்கு வாக்காளன் இன்னும் விடை தேடுகின்றான்.

1956 இன் தாவலுக்கும் 2020 இன் வாக்குக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. காரியப்பரும் முஸ்தபாவும் தத்தம் செல்வாக்கினால் வென்றவர்கள். இன்னொரு சமூகத்தின் தலைமையிலான கட்சியின் பெயரை அவர்கள் துணைக்குக் கொண்டிருந்தனர். முஸ்லிம் காங்கிரஸோ, தனிமனிதச் செல்வாக்கு அரசியலுக்கு மாற்றாக, கலந்தாலோசனை என்ற ஷூரா நெறியின் பெயரால் எழுந்த இயக்கம். அந்த நெறியை முழங்கி வாக்குக் கேட்ட கட்சி அந்த நெறியினாலேயே அளக்கப்படுவது நியாயம். எனவே, எல்லாம் பழைய கதையே என்று இரண்டாம் சாரார் தோளைக் குலுக்கிச் செல்வதற்கில்லை. அதேவேளை, தலைவர் ஒருவரின் மறைவோடு அனைத்தும் சரிந்ததெனில், அவர் காலத்திலேயே கட்சி நிறுவனமாக வேரூன்றவில்லை என்ற உண்மைக்கு முதலாம் சாராரும் முகங்கொடுக்க வேண்டும்.

கட்சி தளர்ந்த இடத்தில் ஊர் எழுந்தது. 2018 இல் சாய்ந்தமருதில் பள்ளிவாசலின் ஆதரவோடு களமிறங்கிய சுயேச்சைக் குழு கல்முனை மாநகர சபையில் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. தனிச் சபைக் கோரிக்கைக்கு 2020 பெப்ரவரியில் வெளியான வர்த்தமானி சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. சமூகக் கட்சியை நம்பாத ஊர் தன்னைத் தானே நம்பியது. அதனாலும் காரியம் கைகூடவில்லை.

2024 நவம்பர் பொதுத் தேர்தல் இவ்வழக்கிற்கு இளைய தலைமுறை எழுதிய இடைக்காலத் தீர்ப்பாகும். திகாமடுல்ல மாவட்டத்தின் ஏழு ஆசனங்களில் நான்கை தேசிய மக்கள் சக்தி வென்றது. தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஆகியன ஒவ்வொன்றைப் பெற்றன. எனினும் அத்தேர்தலின் பின் அமைந்த அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவர்கூட இடம்பெறவில்லை. தேசியக் கட்சிக்கு வாக்களித்தால் மாத்திரம் குறை தீராது என்பதை இளைஞரும், சமூகக் கட்சி என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது என்பதை மூத்தோரும் ஒரே ஆண்டில் கற்றுக்கொண்டனர்.

இனிச் செய்யத்தக்கது யாது? அரசியலமைப்புத் திருத்தம் போன்ற பெருங்காரியங்களில் கட்சியின் உயர்பீடம் எடுக்கும் முடிவு எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். அதனை மீறுவோர் மீதான நடவடிக்கை, தலைவரின் மனநிலைக்கேற்ப மாறாத விதியாக அமைய வேண்டும். கட்சியிலிருந்து நீக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரின் ஆசனம் பறிபோவதை 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஒழுக்காற்றுக்குச் சட்டம் குறுக்கே நிற்கின்றது என்ற சாக்கு இனிச் செல்லுபடியாகாது. தேசியப் பட்டியல் ஆசனம் எந்த ஊருக்கு, எந்த அடிப்படையில் என்பது தேர்தலுக்கு முன்னரே அறிவிக்கப்பட வேண்டும். காணி, கடலரிப்பு, பிரதேச நிர்வாக எல்லைகள் ஆகிய மூன்றிலேனும் எல்லா முஸ்லிம் கட்சிகளும் ஒரே ஆவணத்தில் ஒப்பமிட்டு, அதனை அயலிலுள்ள தமிழ்த் தலைமைகளோடும் பேச வேண்டும். கல்முனை வடக்கு விவகாரத்தை ஒவ்வொரு தேர்தலிலும் எரியவிட்டு அதில் குளிர்காய்ந்தோர் இரு சமூகங்களிலும் உளர். அதனால் வாழ்ந்த ஏழை எவனும் இலன்.

மூத்தோரிடம் எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. கட்சியின் முதல் கூட்டங்களுக்கு நாற்காலி சுமந்தவர்களும் துண்டுப்பிரசுரம் பகிர்ந்தவர்களும் நீங்களே. உங்கள் முரண்பாட்டைத் திண்ணையோடு முடித்துவிடாதீர்கள். எந்த வாக்குறுதி எப்போது அளிக்கப்பட்டது, எது நிறைவேறியது, எது கைவிடப்பட்டது என்பதை ஊர் தோறும் எழுதி வையுங்கள். அடுத்த முறை மேடை ஏறுபவர் எச்சின்னத்தோடு வந்தாலும் முதலில் அந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்லட்டும். வாக்குக் கேட்பது அதன் பின்னர் ஆகட்டும்.