கெண்டைக் குளமும் விடியற்காலைச் சோதனையும்

எலப்புள்ளி, பாலக்காட்டுக் கணவாயின் கீழ்த்திசையில், தமிழ்நாட்டு எல்லைக்கு அண்மையில் உள்ள ஊர். கேரளத்தின் மேற்குப் பகுதிகளை நோக்க மழை குறைந்த இவ்வட்டாரத்தில், வயலுக்கு நீர் தேக்கும் குளங்களே உழவரின் சேமிப்பு. அக்குளங்களில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனங்களை வளர்த்தால், நெல்லோடு மற்றொரு விளைவும் கைக்கு வருகிறது. ஆனால் கோடையின் இறுதியில், நீர் முழங்காலளவாக வற்றிய ஒரு நாளில், ஓராண்டு உழைப்பு முழுவதும் ஓரிரவில் செத்து மிதப்பதும் உண்டு.

அத்தகைய நாளில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. செய்தி அலுவலகத்துக்கு எட்டிக் கள அலுவலர் குளக்கரைக்கு வந்து சேரும்போது காலை 11 மணி ஆகிவிடும். அவர் நீரைச் சோதிப்பார். பிராணவாயு தாராளமாக இருக்கும். எனவே மீன்கள் நோயால் மடிந்தன என்று குறிப்பெழுதி, ஏதேனும் ஒரு மருந்தைச் சிபாரிசு செய்துவிட்டுத் திரும்புவார். அலுவலர் செய்த சோதனையில் பிழையில்லை. சோதனை செய்த வேளையில்தான் பிழை. கெண்டையின் உடலியல் பற்றி ஆராய்ச்சி நிலையங்கள் நெடுங்காலமாக அறிந்துள்ள உண்மை குளக்கரைக்கு வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஆராய்ச்சியின் மற்றொரு பகுதி குளக்கரையை எவ்வளவு விரைவாக அடைந்தது என்பதை நினைத்தால் இக்குறை மேலும் உறுத்தும். இந்தியப் பெருங்கெண்டைகள் குளத்தில் சினைப்பட்டாலும், தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. புதுவெள்ளம் பாயும் ஆற்றிலேயே இடும். இதனால் ஒரு காலத்தில் கங்கை முதலிய ஆறுகளில் வலை கட்டிக் குஞ்சுகளைச் சேகரித்து ரயிலில் நெடுந்தொலைவு அனுப்ப வேண்டியிருந்தது. மூளையின் அடிப்புறத்தில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாறு இத்தடையை நீக்கவல்லது என்பதை 1957 ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரியும் கேரளத்தவரான கே. எச். அலிகுஞ்ஞியும் செய்து காட்டினர். அந்நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. மலம்புழையில் அணை கட்டி முடிந்தது 1955இல். அப்போது பாலக்காடு சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. இன்று அங்குள்ள அரசாங்க மீன்குஞ்சுப் பண்ணை எலப்புள்ளிக்குக் கூப்பிடு தூரம் எனலாம்.

குஞ்சு எளிதாகக் கிடைப்பதிலிருந்தே புதிய சங்கடம் பிறந்தது. கொள்ளளவுக்கு மேல் குஞ்சு விடுகின்றனர். விரைவில் வளரட்டும் என்று சாணமும் தவிடும் பிண்ணாக்கும் மிகுதியாக இடுகின்றனர். நீர் பச்சைப் பசேலென மாறுகிறது. அதைக் கண்டு உழவர் மகிழ்கிறார். மகிழ்வதில் ஓரளவு நியாயமும் உண்டு, ஏனெனில் அப்பசுமைதான் மீனுக்கு உணவு. ஆனால் அதே பசுமை இரவில் மீனுக்குப் போட்டியாளனாகிறது.

காற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 210 கன சென்டிமீட்டர் பிராணவாயு உண்டு. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில், ஒரு லிட்டருக்கு 5 கன சென்டிமீட்டர் அளவே கரைந்து நிற்கும். எடைக் கணக்கில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 7.5 பங்கு. நீர் சூடேற ஏறக் கரையும் அளவு குறைகிறது. மீனின் தேவையோ கூடுகிறது. பகலில் சூரிய ஒளியைக் கொண்டு பாசி பிராணவாயுவை உண்டாக்குவதால், பிற்பகலில் அதன் அளவு 12 பங்கைக் கடப்பதும் உண்டு. பொழுது சாய்ந்ததும் அவ்வுற்பத்தி நின்றுவிடுகிறது. அதன்பின் பாசி, மீன், அடிச்சேற்றில் மக்கும் சாணம் ஆகிய எல்லாம் சேர்ந்து இரவு முழுவதும் அதே கையிருப்பைச் செலவழிக்கின்றன. கதிரவன் தோன்றுவதற்குச் சற்று முன்னரே இருப்பு மிகக் குறைவாக இருக்கும். 5 பங்குக்கு மேல் இருந்தால் கெண்டை செழித்து வளரும். 3 பங்குக்குக் கீழே சென்றால் இரை எடுப்பதைக் குறைக்கும். 1 பங்கை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மூன்று நாள் மேகமூட்டம் நீடித்து, கணவாய்க் காற்றும் ஓய்ந்திருந்தால், ஆபத்து இரட்டிப்பாகும். நீரைக் கலக்கி மேற்பரப்பில் பிராணவாயு ஏற உதவும் அக்காற்று எலப்புள்ளிக்கு இயற்கை அளித்த கொடை. வெப்பத்தைச் சுமந்து வந்து குளத்தை வற்றச் செய்வதும் அதே காற்றுதான்.

(தங்கமீனும் அதன் உறவினமான குருசியன் கெண்டையும் பனி மூடிய குளங்களில் பிராணவாயு அற்ற நிலையிலும் நெடுநாள் உயிர் வாழ்கின்றன, தசையில் சேரும் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அத்தகைய வழியில்லை.)

செத்த மீனே காரணத்தைச் சொல்லும், பார்ப்பவர் பொறுமையாகப் பார்த்தால். பிராணவாயுக் குறைவால் மடியும் குளத்தில் மரணம் ஒரே இரவில் நேரும். பெரிய மீன்கள் முதலில் சாகும். வாய் திறந்தும் செவுள் மூடி விரிந்தும் கிடக்கும். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் முன்னதாக மடியும். சாதாக் கெண்டை சிறிது தாங்கும். காற்றையே சுவாசிக்கவல்ல விராலும் பனையேறியும் தேளியும் ஒன்றுமே நிகழாததுபோல் நீந்திக்கொண்டிருக்கும். முந்திய நாட்களின் வைகறையில் மீன்கள் மேலெழுந்து வாயைத் திறந்து திறந்து மூடியதை யாரேனும் கண்டும் இருப்பர். நோயெனில் சாவு நாளுக்குச் சிலவாகப் பல நாட்களுக்குத் தொடரும். உடலில் புண்ணோ மீன் பேனோ செவுளில் வெளிறலோ தென்படும்.

மெய்யான நோய்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1988இல் வடகிழக்கு இந்தியாவில் தோன்றிய புண் நோய் சில ஆண்டுகளில் கேரளத்தையும் எட்டியது. அது ஒருவகைப் பூசணத்தை ஒத்த நுண்ணுயிரால் வருவது. அதனை எதிர்க்கப் புவனேசுவரத்திலுள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் மருந்தும் கண்டது. ஆனால் நோயற்ற குளத்தில் மருந்திடுவது தீங்கற்ற செயலன்று. மயில்துத்தம் போன்றவற்றை இட்டால் பாசி ஒருங்கே மடிந்து அழுகி, எஞ்சிய பிராணவாயுவையும் உறிஞ்சிவிடும். பிழைத்த மீன்களும் அடுத்த இரவில் மடியும். நோய் முற்றிவிட்டது என்று இரண்டாம் குறிப்பும் எழுதப்படும்.

கள அலுவலர் தினந்தோறும் விடியுமுன் குளக்கரையில் நிற்க வேண்டும் என்று உத்தரவிடுவது எளிது. பல கிராமங்களைத் தனியொருவராகக் கவனிப்பவருக்கு, அந்நேரத்தில் பேருந்தும் இல்லாத ஊரில், அது இயலாத காரியம். ஊரிலேயே வாழும் ஆசிரியரின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. ஹங்கேரிய இரசாயன அறிஞர் விங்க்ளர் 1888இல் வெளியிட்ட முறை இதற்கு மிகவும் ஏற்றது. கண்ணாடி மூடியிட்ட குப்பியில் குமிழி புகாமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டுக் கரைசலையும் அயோடைடு கலந்த காரக் கரைசலையும் சேர்த்தால், பிராணவாயு வண்டலில் பிணைந்துவிடும்; வண்டல் வெளுத்திருந்தால் வாயு இல்லை, பழுப்பாயின் உண்டு. வண்டல் படிந்தபின் கந்தக அமிலம் சேர்த்துக் கரைத்துவிட்டால், குப்பியை இருட்டில் சில மணி நேரம் வைத்திருக்கலாம். காரமும் அமிலமும் ஆசிரியரின் கையிலேயே இருக்க வேண்டும். நீர் முகப்பதையும் நிறத்தைப் பதிவேட்டில் குறிப்பதையும் மாணவர் செய்யலாம். அலுவலர் 11 மணிக்கே வரட்டும். அளவுச் சோதனையை அப்போது செய்து, 5 மணி நீரின் உண்மையை அவர் அறிந்துகொள்ளலாம்.

வெளுத்த வண்டலைக் கண்ட அன்றே சாணமும் தீவனமும் நிறுத்தப்பட வேண்டும். வயலுக்கு நீர் இறைக்கும் பம்பை இரவின் பிற்பகுதியில் ஓட்டி, குளத்து நீரையே எடுத்து மேலிருந்து சிதறிவிழச் செய்தால், காற்றூட்டும் பொறி வாங்க வசதியற்றவரும் பெரும்பகுதி மீன்களைக் காப்பாற்றலாம். மாரிக்காலத்தில் இதற்குத் தேவை குறைவு; மார்ச்சு முதல் மே முடிய, நீர் வற்றும் வாரங்களிலும், மேகம் கவிந்து காற்று ஓய்ந்த நாட்களிலும் வைகறைக் குப்பி ஒன்று தவறாமல் நிரப்பப்பட வேண்டும்.