முதுகு நோவெல்லாம் சுளுக்கு அல்ல

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உறவுகள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். தமிழர், முஸ்லிம் என்ற பேதம் இந்த விஷயத்தில் இல்லை.

"டீபி" என்ற சொல்லுக்குப் பயப்படுகிற அளவு நாம் அந்த நோய்க்குப் பயப்படுவதில்லை. வீட்டில் ஒருவருக்கு மாதக்கணக்கில் முதுகு நோவு. எண்ணெய் தேய்க்கிறோம், பாமசியில் நோவு மாத்திரை வாங்குகிறோம், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். "காசநோயா என்று பாருங்கள்" என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் வருகிறது. "இருமலே இல்லையே! வெளியே தெரிந்தால் பிள்ளைக்கு மாப்பிள்ளை வருமா?"

இருமல் இருக்க வேண்டியதில்லை. அந்தக் கிருமி இரத்தத்தோடு போய் முள்ளந்தண்டிலும் தங்கும். லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பெர்சிவல் பொட் முள்ளந்தண்டு வளைந்து கால்கள் செயலிழப்பதை 1779இலேயே எழுதிவைத்தார். எலும்பு அரிபடும், சீழ் கட்டும், முண்ணாண் நெரிபடும். கால் மரத்து, நடை தளர்ந்து, சிறுநீர்க் கட்டுப்பாடும் போகும். அதன் பிறகு சிகிச்சை செய்தாலும் எல்லோருக்கும் நரம்பு பழையபடி திரும்பாது.

"முதுகை வெட்டிவிடுவார்கள்" என்பது அடுத்த பயம். 1970களில் சென்னையில் தொடங்கிய ஆய்வில், கால் செயலிழக்காத நோயாளர்களில் பெரும்பாலானோர் 6 அல்லது 9 மாத மாத்திரைகளாலேயே குணமானார்கள். இன்று பொதுவாக 9 முதல் 12 மாதம் கொடுக்கிறார்கள். நரம்பு நெரிபட்டால், எலும்பு சரிந்தால்தான் பெரும்பாலும் சத்திரசிகிச்சை. ஆக, கத்தியைக் கூப்பிடுவது நமது தாமதம்தான்.

முள்ளந்தண்டில் மட்டும் இருக்கும் காசநோய் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. நெஞ்சிலும் இருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் மருந்து இலவசம். நாட்டிலேயே காசநோயாளர் அதிகம் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. இதில் யார் யாருக்கு ஒளிப்பது?

ஓய்வெடுத்தும் குறையாத நோவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு: இவை இருந்தால் வைத்தியரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனம். வேறு கிருமிகளும் முள்ளந்தண்டில் சீழ் கட்டவைத்து, சில நாட்களிலேயே காலை முடக்கலாம். கால் பலம் குறைந்தால், சிறுநீர் கட்டிக்கொண்டால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

துஆ கேட்போம், மருந்தையும் ஒரு நாள் விடாமல் குடிப்போம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், "வந்தது, மருந்து குடித்தோம், சுகமாகிவிட்டது" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அதற்கும் முகம் சுளிக்கிற சம்பந்தம் நமக்கு வேண்டாம்.