வெறுநீர் பெற்ற பாதிப்பேர்

பக்கவாதத்திற்குப்பின் மூளையையும் நினைவாற்றலையும் காக்கும் மருந்துகளைச் சோதிக்கையில், பெரும்பாலும் பாதிப்பேருக்கு மருந்தில்லா வெறுநீரே ஏற்றப்படும். யாருக்கு எதுவென மருத்துவரும் அறியார். பேச்சிழந்த தந்தைக்காகக் கையொப்பமிடும் மகன் இதுகேட்டுச் சினத்தல் இயல்பே. ஆயினும் என்.எக்ஸ்.ஒய்.-059 என்னும் மருந்தின் வரலாற்றைக் கேளுங்கள். எலிகளையும் மார்மோசெட் குரங்குகளையும் அது காத்தது. 2006-ல் வெளியான முதற்பெருஞ்சோதனையில், ஏறத்தாழ 1,700 நோயாளரிடையே சிறிது பயனும் தெரிந்தது. எத்துணை நம்பிக்கை! 3,000-க்கு மேற்பட்டோரிடம் நடந்த இரண்டாம் சோதனையோ அப்பயனைக் காட்டவில்லை. 2007-ல் அம்முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றோர் வெறுநீர் பெற்றோரினும் மேலாகத் தேறவில்லை. அப்பாதிப்பேர் இல்லையேல், தாமாகத் தேறியோரைக் கண்டு, நம்மவர் நிலத்தை விற்றேனும் அம்மருந்தை வாங்கியிருப்பர். வழக்கமான சிகிச்சையோ இருசாரார்க்கும் உண்டு. மகன் ஒப்பமிட மறுத்தாலும் அது தந்தைக்கு உண்டு.